காலணியும் சாற்றுரையும்



வல்லரசுத் தலைவர்கள் ஓரவையில் நேர்நின்று மோதிக்கொண்ட நிகழ்ச்சிகள் வரலாற்றிற் பல. அவற்றுள், 1960ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரிற் கூடிய ஒன்றிய நாடுகளின் பதினைந்தாம் பொதுப்பேரவை தனித்து நோக்கத் தக்கது. அப்பேரவையைப் பற்றி மக்கள் நினைவில் நிற்பது யாது? உருசியத் தலைவர் குருச்சேவு தம் காலணியைக் கழற்றினார் என்பதொன்றே! அவ்வவை இயற்றிய அரும்பெருஞ் செயலை நினைப்பவர் மிகச் சிலர். ஓசை நிற்கிறது, பயன் மறைகிறது. மறைந்ததை வெளிக்கொணர்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் அவ்வாண்டின் நிலையை அறிதல் வேண்டும். மேத் திங்கள் முதல் நாளன்று அமெரிக்க உளவு வானூர்தியொன்று உருசிய மண்ணில் வீழ்த்தப்பட்டது. அதனால், அத்திங்களிலேயே பாரிசு நகரிற் கூடிய நால்வல்லரசு மாநாடு தொடங்கும்போதே முறிந்தது. சூன் 30ஆம் நாள் பெல்சியத்தின் பிடியினின்று காங்கோ விடுதலை பெற்றது. பத்து நாள் கடப்பதற்குள் படையிற் கலகம் மூண்டது. பெல்சியப் படை மீண்டும் நுழைந்தது. செம்பு விளையும் கட்டாங்கா மாநிலம் வெள்ளையர் துணையோடு பிரிந்தது. தலைமையமைச்சர் இலுமும்பா ஒன்றிய நாடுகளின் உதவியை வேண்டினார். அது போதாமை கண்டு உருசியாவை நாடினார். செப்டம்பரில் அவர் பொறுப்பினின்று நீக்கப்பட்டார். படைத்தலைவர் மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். உரலுக்கு ஒருபக்கம் இடி. மத்தளத்திற்கோ இருபக்கமும் இடி. காங்கோ மத்தளமாயிற்று.

இந்நிலையில்தான் செப்டம்பர் 20ஆம் நாள் பேரவை கூடியது. குருச்சேவு 'பால்டிகா' என்னும் கப்பலில் வந்திறங்கினார். அமெரிக்க அரசு அவரை மன்னாட்டன் தீவின் எல்லையைத் தாண்டலாகாதெனக் கட்டுப்படுத்தியது. கியூபாவின் காசுட்ரோ, கருப்பின மக்கள் வாழும் ஆர்லெம் பகுதியில் ஒரு விடுதியிற் சென்று தங்கினார். குருச்சேவு அங்கேயே சென்று அவரைத் தழுவிக்கொண்டார். ஐசனோவர், மாக்மில்லன், நேரு, நாசர், என்குருமா, சுகர்ணோ, தித்தோ எனத் தலைவர் பலர் ஒருங்கே வந்தனர்.

செப்டம்பர் 22ஆம் நாள் ஐசனோவர் பேசினார். மறுநாள் குருச்சேவு எழுந்து இரண்டு கருத்துகளை முன்வைத்தார். ஒன்று, குடியேற்ற நாடுகள் அனைத்திற்கும் உடனே விடுதலை வேண்டும் என்பது. மற்றொன்று, பொதுச்செயலாளர் என்னும் ஒருவரை நீக்கி, மேலையருக்கு ஒருவர், பொதுவுடைமையருக்கு ஒருவர், நடுநிலையருக்கு ஒருவர் என மூவரை அமர்த்த வேண்டும் என்பது. முன்னது அறம், பின்னதோ ஒரு வண்டியை மூன்று திசையில் இழுக்கும் மாடுகளைப் பூட்டுவது.

பொதுச்செயலாளர் ஆமர்சோல்டு, சுவீடன் நாட்டவர். அக்டோபர் 3ஆம் நாள் அவர் விடையிறுத்தார். இவ்வமைப்பு தங்களுக்குக் காப்பாக வேண்டுமென்னும் தேவை வல்லரசுகளுக்கில்லை. ஏனைய நாடுகளுக்கே உண்டு. அந்நாடுகள் விரும்பும் வரை தாம் பொறுப்பில் நிற்கப்போவதாக அவர் உரைத்தார். அவை கையொலியால் அதிர்ந்தது.

இதனிடையே, செப்டம்பர் 29ஆம் நாள் ஆங்கிலத் தலைமையமைச்சர் மாக்மில்லன் பேசுங்கால் குருச்சேவு உருசிய மொழியிற் கூவி இடைமறித்தார். அதனை மொழிபெயர்த்துத் தருமாறு மாக்மில்லன் அமைதியாகக் கேட்க, அவை நகைத்தது. இரு பெருந்தலைவரும் நேரிற் பேச வேண்டுமென நேரு உள்ளிட்ட நடுநிலைத் தலைவர் ஐவர் ஒரு வரைவைக் கொணர்ந்தனர். தேவையான மூன்றில் இருபங்குத் துணை கிடைக்காமையால் அதுவும் கைவிடப்பட்டது.

அக்டோபர் 12ஆம் நாள் வந்தது. பிலிப்பைன் நாட்டுப் பேராளர் சுமுலோங்கு எழுந்தார். விடுதலை என்பது மேலையர் ஆளும் நாடுகளுக்கு மட்டுமன்று, உரிமை பறிக்கப்பட்ட கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கும் வேண்டும் என்றார். குருச்சேவு கொதித்தெழுந்தார், பேசியவரை வல்லாட்சியரின் ஏவலாள் என இழித்தார். அப்போதுதான் காலணி வெளிவந்தது. அதனால் மேசையை அறைந்தார் என்பர் சிலர். கையிற் பிடித்தார், மேசைமேல் வைத்தார், அவ்வளவே என்பர் நேரிற் கண்ட வேறு சிலர். மேடையில் நின்று காலணியை ஓங்குவதாக உலவும் படம் ஒட்டுவேலை. அவைத்தலைவராகிய அயர்லாந்தின் போலந்து அமைதி வேண்டித் தட்டிய மரச்சுத்தியல் உடைந்து தெறித்தது, அவை கலைந்தது.

இம்மோதலில் மெய் எவர் பக்கம்? அல்சீரியாவையும் அங்கோலாவையும் சுட்டிய குருச்சேவின் கூற்று மெய்யே. ஆயின் 1956இல் அங்கேரி மக்களை நசுக்கியது அவர் விடுத்த படையன்றோ? கிழக்கு ஐரோப்பாவின் அடிமைநிலைக்கு இரங்கிய மேலையரின் கூற்றும் மெய்யே. ஆயின் ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டு ஆண்டவர் எவர்? ஒவ்வொருவரும் மற்றவர் குற்றத்தைக் கூறுங்கால் உண்மை பேசினர். தம் குற்றம் வருங்கால் வாய்மூடினர். வல்லரசுகளின் அறவுணர்ச்சி தம் எல்லைக்கு அப்பால்தான் விழித்திருக்கும்!

அவையோரே! அப்பேரவையின் உண்மைத் தலைவர்கள் வேறு இருந்தனர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்க நாடுகள் 16உம் சைப்பிரசும் புதிதாய்ச் சேர்ந்தன. உறுப்பு நாடுகள் 82இலிருந்து 99 ஆயின. அன்று அவையின் ஆட்சிமொழிகள் ஐந்து: ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், சீனம், இசுப்பானியம். ஆப்பிரிக்கத் தாய்மொழி ஒன்றுகூட அவற்றில் இல்லை. தம்மை ஆண்டவனின் மொழியிலேயே அவனிடம் விடுதலை கேட்க வேண்டிய நிலையில் அந்நாடுகள் நின்றன. அரபு மொழி இடம்பெற்றதும் 1973இல்தான். கொடி மாறினும் நாவின் தளை எளிதில் அறுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் அந்நாடுகள் சோர்ந்தில. குருச்சேவின் வரைவு நிறைவேறவில்லை. ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் 43 ஒன்றுகூடித் தாமே ஒரு வரைவை இயற்றின. 1960 திசம்பர் 14ஆம் நாள் அது 1514ஆம் எண்ணுள்ள விடுதலைச் சாற்றுரையாய் நிறைவேறியது. 89 நாடுகள் ஏற்றன. மறுத்துரைக்க ஒரு நாட்டிற்கும் துணிவில்லை. 9 நாடுகள் ஒதுங்கின. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, பெல்சியம், போர்த்துக்கல், இசுப்பெயின், தென்னாப்பிரிக்கா, ஆத்திரேலியா, தொமினிக்கக் குடியரசு என்பன அவை. அமெரிக்கக் குழுவிலிருந்த கருப்பினப் பெண்மணி செல்மா சியார்சு, தம் அரசு ஒதுங்கியபோதும் எழுந்துநின்று கைதட்டினார்.

அச்சாற்றுரை கூறுவது யாது? எல்லா மக்களினங்களுக்கும் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் உரிமை உண்டு. கல்வியிலோ பொருளிலோ போதிய வளர்ச்சியில்லை என்பதைக் கரணியமாகக் காட்டி விடுதலையைத் தாழ்த்தலாகாது. 'நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை' என்று ஆண்டவர் சொல்லிவந்த பழம்பாட்டிற்கு அன்றோடு முடிவு! ஆயின், ஆறாவது கூற்றில், ஒரு நாட்டின் நிலவொருமையைக் குலைத்தல் ஆகாது என்னும் வரம்பும் உண்டு. கட்டாங்காவைக் கண்ணெதிரே கண்டவர் இட்ட வரம்பு அது. எனினும், மக்களினத்தின் உரிமை பெரிதா, நாட்டின் எல்லை பெரிதா என்னும் வினாவை அது தீர்க்கவில்லை, உலகிற்கே விட்டுச்சென்றது.

பின்னர் நிகழ்ந்தவை யாவை? 1961 சனவரியில் இலுமும்பா கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில், காங்கோவின் அமைதிக்காகச் சென்ற ஆமர்சோல்டு வானூர்தி வீழ்ந்து மாண்டார். 1964இல் குருச்சேவு தம் தோழர்களாலேயே நீக்கப்பட்டார். 1962இல் அல்சீரியாவும், 1975இல் அங்கோலாவும் விடுதலை பெற்றன. 1991இல் சோவியத்து ஒன்றியமே பதினைந்து நாடுகளாய்ப் பிரிந்தது. சுமுலோங்கின் சொல்லும் மெய்யாயிற்று. குருச்சேவு பிறர்க்குக் கேட்ட விடுதலையும் மெய்யாயிற்று.

காலணியை ஓங்கியதாகக் காட்டும் படம் பொய், சாற்றுரையோ மெய். பொய்யை உலகம் அறியும், மெய்யை அறியாது. பெரியவர் மோதும் அவையில் சிறியவர் வெறும் பார்வையாளராய் இருத்தல் வேண்டா. ஒருபுறமும் சாயாது, ஒன்றுபட்டு, தம் வழக்கைத் தாமே எழுதினால், வல்லரசும் ஒதுங்கி வழிவிடும். 1960ஆம் ஆண்டின் பேரவை உரிமை வேட்கும் மக்கட்கெல்லாம் கற்பிக்கும் பாடம் இதுவே. இதனை நெஞ்சில் இருத்துக!