நாற்பதில் ஒரு பரு

நாற்பது வயதில் முகத்தில் பரு வந்தால், "இந்த வயசுல என்ன பரு?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலியானாலும் நல்ல கேள்வி. அது பருவாக இல்லாமல் ரொசேசியா என்ற தோல் நோயாக இருக்கலாம்.

இரண்டிலும் சிவந்த கட்டி வரும், சீழ் வைக்கும். நல்ல வெளிச்சத்தில் கன்னத்தையும் நெற்றியையும் உற்றுப் பாருங்கள். பரு என்றால் கட்டிகளுக்கு நடுவே கரும்புள்ளியோ வெண்புள்ளியோ தெரியும். எண்ணெயும் செத்த தோலும் மயிர்க்காலை அடைப்பதால் வருவது அது. ரொசேசியாவில் அந்த அடைப்பு இருக்காது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வந்து குழப்பும், அது வேறு. பரு முதுகு, மார்பு வரை போகும். ரொசேசியா பெரும்பாலும் நடுமுகத்தோடு சரி.

ரொசேசியா உள்ளவர்களுக்கு வெயிலில் நடந்தாலோ, சூடாகக் காபி குடித்தாலோ, காரக்குழம்பு சாப்பிட்டாலோ முகம் குப்பென்று சூடேறி எரியும். வெள்ளைத் தோலில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்தில் அவ்வளவாகத் தெரியாது; எரிச்சலைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோய் கண்ணையும் தொடும்.

பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு, ரொசேசியா முகத்தில் எரிச்சலைக் கூட்டலாம். அதைவிட மோசம், சிவப்பழகுக்கென்று கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். பூசினால் நாலு நாள் முகம் பளபளக்கும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பொரியும். தோல் டாக்டரிடம் போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.