எந்தச் சிறையில்?

(சட்ட உதவிப் பணியில் ஈடுபடும் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒருவர் கைது செய்யப்பட்டதும் அவருடைய குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வழக்கு என்பதல்ல. ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான். வழக்கறிஞரை அமர்த்துவதும் ஜாமீன் கேட்பதும் அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. நடைமுறையிலோ தேடும் வேலை முழுவதும் குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் தாயின் அல்லது மனைவியின் தலையில், சுமத்தப்பட்டிருக்கிறது.

அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஒரு பேராசிரியர். படித்தவர், எழுதத் தெரிந்தவர், அதிகாரிகளிடம் பேசத் தெரிந்தவர். அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அமைச்சர்களைச் சந்தித்தார். மனுக்கள் அனுப்பினார். எங்கும் விடை இல்லை. நீதிமன்றத்தை நாடவும் வழியில்லாமல் போயிற்று. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், அவசரநிலை நீடிக்கும் வரை ஆட்கொணர்வு மனு செல்லாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான்.

1977 மார்ச்சில் அவசரநிலை விலக்கப்பட்ட சில நாட்களிலேயே அந்தத் தந்தை கேரள உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். ராஜன் கைது செய்யப்படவே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ராஜனை ஆஜர்படுத்த உத்தரவிட்டது. அவசரநிலையின்போது உள்துறையைக் கையில் வைத்திருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. காக்கயம் முகாமில் நடந்த சித்திரவதையில், பிடிக்கப்பட்ட சிறிது காலத்திலேயே ராஜன் உயிரிழந்துவிட்டார் என்பது அதன்பின் வெளிவந்தது. உடல் குடும்பத்துக்குக் கிடைக்கவே இல்லை. ஓராண்டுக்கும் மேலாக ஒரு தந்தை, இறந்துவிட்ட மகனை உயிரோடிருப்பதாக எண்ணித் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை மறைப்பது அலுவலக அலட்சியம் மட்டுமல்ல. மறைக்கப்பட்ட இடத்தில்தான் அடியும் உதையும் நடக்கின்றன. இதை உணர்ந்ததால்தான் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் ஒரு முக்கியமான ஏற்பாடு இடம்பெற்றது. கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் அந்தச் செய்தியும் காவலில் வைக்கப்பட்டுள்ள இடமும் மாவட்ட, மாநிலத் தலைமையிடக் கட்டுப்பாட்டு அறைகளுக்குத் தெரிவிக்கப்பட்டு, அங்கே எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். இணையம் பரவாத காலத்தில், கரும்பலகை வடிவில் அமைந்த பொதுத் தேடல் ஏற்பாடு அது.

அதன் பிறகு நடந்தவற்றைத் தோழர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 41சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கைதானவரின் பெயர், முகவரி, கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி ஆகியவை பலகையில் இடம்பெற வேண்டும் என்றது அது. காவல் வைக்கப்பட்ட இடம் பலகையிலிருந்து விடுபட்டது. ஆனால் மாநிலத் தலைமையகம் பொதுமக்களின் தகவலுக்காகக் கைதானவர்களின் தரவுத்தளம் ஒன்றைப் பராமரிக்க வேண்டும் என்ற நல்ல வாசகமும் அதில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத்திலும் இதற்கென ஒரு அதிகாரி இருக்க வேண்டும், விவரங்களை டிஜிட்டல் முறையிலும் காட்டலாம் என்கிறது. கேட்பதற்கு நவீனமாக இருக்கிறது. கைது செய்த அதிகாரியின் பெயரை எழுத வேண்டும் என்பதும், மாநிலம் முழுமைக்குமான பொதுத் தரவுத்தளம் என்பதும் அந்தப் பிரிவில் இல்லை. டிஜிட்டல் இந்தியா என்று முழங்கும் ஆட்சியில், மாநிலம் முழுவதும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் உரிமை சட்டப் புத்தகத்திலிருந்து ஓசையில்லாமல் நீக்கப்பட்டிருக்கிறது.

அரசிடம் விவரம் இல்லை என்பதல்ல பிரச்சனை. இ-பிரிசன்ஸ் என்ற மென்பொருளில் கைதி உள்ளே வந்த நாள், வழக்கு, அடுத்த வாய்தா, வேறு சிறைக்கு மாற்றம் எல்லாம் பதிவாகின்றன. காவல்துறையும் நீதிமன்றமும் அதைப் பார்க்க முடியும். பொதுமக்களுக்கு இருப்பது இ-முலாகாத் என்ற சந்திப்பு விண்ணப்பம். அதில் முதலில் மாநிலத்தையும் பிறகு சிறையையும் தேர்வு செய்ய வேண்டும். அதாவது எந்தத் தகவலைத் தேடி அந்தத் தாய் வந்தாளோ, அதைத்தான் அந்தப் படிவம் அவளிடம் கேட்கிறது.

2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையின்படி நாட்டில் 1,330 சிறைகள், 5,73,220 கைதிகள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்தார்கள். நெரிசலைக் குறைக்க ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றுவது வழக்கம்; சொல்லிவிட்டுத்தான் மாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஜார்க்கண்டிலிருந்து குஜராத்துக்கு வேலைக்குப் போன தொழிலாளி கைதானால், ஊரில் இருக்கும் மனைவிக்கு அந்த மாநிலத்தின் மொழியும் தெரியாது, மாவட்டத்தின் பெயரும் தெரியாது.

பெயரை வைத்துத் தேடினாலும் சிக்கல் தீராது. முகம்மது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. சில பதிவேடுகளில் அது இரண்டெழுத்துச் சுருக்கமாகவே நின்றுவிடுகிறது. தேவி, பீவி என்று முடியும் பெண்களின் பெயர்கள் ஒரே சிறையில் பலருக்கு இருக்கும். வயது தோராயமாக எழுதப்படுகிறது. எனவே தோழர்கள் முதலில் கைப்பற்ற வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் காவல் நிலையத்தின் பெயரும்தான். 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி, கூருணர்வுத் தன்மை கொண்ட வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கை பொதுவாக 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். அந்த எண் கிடைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கையும் நீதிமன்றத்தையும் தேடலாம். மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவில் எந்தச் சிறை என்பது இருக்கும்.

சட்டமே பொருட்படுத்தப்படாத இடங்களும் உண்டு. 2019 ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி ஜம்மு-காஷ்மீரில் நடந்தது அதுதான். ஆகஸ்ட் 4 முதல் 5,161 பேர் தடுப்புக் கைது செய்யப்பட்டதாக ஒன்றிய அரசே அந்த நவம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடைக்கப்படுவோரை மாநிலத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது என்றிருந்த பாதுகாப்பு 2018இலேயே நீக்கப்பட்டிருந்தது. ஆக்ரா முதலிய உத்தரப்பிரதேசச் சிறைகளுக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டவர்களைத் தேடி, தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டிருந்த நிலையில், குடும்பங்கள் அலைந்தன. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய பொதுச்செயலாளர் தோழர் சீத்தாராம் யெச்சூரி, ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். தோழர் முகமது யூசுப் தாரிகாமியைக் காண அவர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 28 அன்று அனுமதி கிடைத்தது. மறுநாள் சென்று சந்தித்தார். நாடறிந்த தலைவர் ஒருவர், நான்கு முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தோழரைப் பார்ப்பதற்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது என்றால், குப்வாராவில் ஆடு மேய்ப்பவரின் நிலை என்ன?

அப்படியானால் எல்லாக் கைதிகளின் பெயரையும் படத்தையும் இணையத்தில் போட்டுவிடலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூடாது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சிறைகளில் 1982 முதல் இருந்தவர்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். தேடும் குடும்பத்துக்கு அது உதவுகிறது. வேலை கொடுக்க மறுக்கும் முதலாளிக்கும் அதே அளவு உதவுகிறது. உத்தரப்பிரதேச அரசு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களின் பெயர், முகவரி, படங்களை லக்னோ தெருக்களில் பதாகையாக வைத்ததும், 2020 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவற்றை அகற்றச் சொன்னதும் நினைவில் இருக்க வேண்டும். பிரிட்டனில், கைதியின் சம்மதம் பெற்ற பிறகே அவர் இருக்கும் சிறை தேடுபவருக்குச் சொல்லப்படுகிறது. அது நல்ல வழி. இங்கே வேண்டுவதும் அதுவே: பெயர், தந்தை அல்லது தாயின் பெயர், ஊர் ஆகியவற்றைக் கொடுத்தால், கைதியின் சம்மதத்தோடு, எந்தச் சிறை என்ற ஒரே விடை, அந்தந்த மாநில மொழியில். சாதி, மதம், படம் எதுவும் வேண்டாம். சிறைப் பதிவேடுகளிலிருந்தே சாதிப் பத்தியை நீக்கும்படி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அது வரும்வரை கையில் இருப்பவற்றைப் பயன்படுத்த வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ கைதையும் காவல் இடத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 48ஆவது பிரிவு கூறுகிறது. காவல் நிலையத்தில் அந்தப் பிரிவைச் சொல்லி, எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியாக 'மேலிடத்தில் கேளுங்கள்' என்றால், யார் எப்போது சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் உயர் நீதிமன்றத்தில் அந்தக் குறிப்பு பயன்படும். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு தோழரும் தங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சென்று, கைதானவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் எழுதப்பட்டது, அதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று பார்த்து எழுதி வர வேண்டும்.