இஞ்சின் வேலை முடிந்தும் பேட்டரி இறங்குகிறதா?

டிராக்டருக்கு இஞ்சின் வேலை பார்த்துக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இரண்டு நாள் ஓடுகிறது. மூணாம் நாள் காலையில் செல்ஃப் சுற்றவில்லை. "பேட்டரி போயிருச்சு, புதுசு வாங்குங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். பெய்த மழையின் ஈரம் காய்வதற்குள் உழவேண்டுமே என்று நாமும் கடைக்கு ஓடுகிறோம். அந்தப் புதுப் பேட்டரியும் நாலு நாளில் இறங்கிவிட்டால்?

பட்டறைக்குப் போகுமுன் வண்டி நன்றாகத்தானே இருந்தது! அப்போ, வேலையில் கைபட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்கணும்.

முதலில் எர்த் வயர். இஞ்சினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே எர்த் பட்டையை வைத்து முடுக்கியிருப்பார்கள். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முடுக்குங்கள். ரப்பர் மவுண்டிங் மேல் இஞ்சின் உட்காரும் ஜீப், வேன்களில் எர்த் விட்டுப்போனால் ஆக்ஸிலேட்டர் கேபிள்கூட சூடாகிவிடும்.

அடுத்தது சார்ஜ் லைட். சாவியைத் திருப்பினால் எரியணும், வண்டி ஓடினதும் அணையணும். சிலர், "லைட்டே எரியலை, எல்லாம் சரி" என்று இருந்துவிடுகிறார்கள். அது தப்புங்க. பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பின்னால் இருக்கும் மெல்லிய வயரை மாட்ட மறந்திருந்தால் லைட்டும் எரியாது, சார்ஜும் ஏறாது.

வண்டி ஓடும்போதும் லைட் எரிந்தால், இஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் இழுத்து முடுக்கவேண்டும்.

மீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி, ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். பாதி திராட்டிலில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரணும். ஆல்டர்னேட்டரில் 14 வந்து பேட்டரியில் 12.5-இலேயே நின்றால், நடுவிலே வயரில்தான் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கும். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

ஒன்றுமட்டும் செய்யாதீர்கள். வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் உள்ளே டயோடு எரிந்துபோகும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ராத்திரியில் மட்டும் இறங்குகிறதென்றால், அப்போது பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் லோடு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.