திக்குத் தெரியாத குழந்தையும் நம் தாய்மொழியும்

(ஆண்டு விழாவில் சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் நாட்டியம், நாடகம், பட்டிமன்றம், முடிவில் விருந்து என்பது நம் காலனியின் வழக்கம். அவற்றுக்கிடையே குழந்தைகள் நலம் குறித்துப் பேசும்படி செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். குழந்தைகள் நலம் என்றவுடன் நோட்டுப் புத்தகம் வழங்குவதும், ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு வேளை உணவளிப்பதுமே நமக்கு நினைவு வருகின்றன. அவை நற்செயல்களே, குறை சொல்ல மாட்டோம். ஆயினும் இந்நகரத்துப் பெரிய அறநிலையங்களிடமும் அரசாங்க அலுவலகங்களிடமும் எளிதில் கிடைக்காத செல்வம் ஒன்று நம் சிறிய சங்கத்திடம் இருக்கிறது. அது நாம் வீட்டில் பேசும் தமிழ்.

மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து, பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, சிறுவர்களை வடக்கே முறுக்குப் போடும் தொழிற்கூடங்களுக்கு அழைத்துச் செல்லும் கொடுமையைச் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு ரயிலேறி வந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய குழந்தை அகப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது அக்குழு. குழந்தையின் குடும்ப நிலையை 15 நாட்களுக்குள் விசாரித்தறிந்து, முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும்.

சட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேள்வி இந்தியில். குழந்தைக்குத் தெரிந்ததோ தமிழ் ஒன்றே. 'அண்ணன் கூட்டிட்டு வந்தாரு' என்று பையன் சொல்கிறான். அரைகுறையாகத் தமிழ் அறிந்த ஒருவர் அதை 'உடன்பிறந்த தமையன் அழைத்து வந்தான்' என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகரும் நம் ஊரில் அண்ணன்தானே! அந்த 'அண்ணன்' உறவினன் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றால், பிள்ளை மீண்டும் அவன் கையிலேயே போய்ச் சேரக்கூடும். மாமா, சித்தப்பா என்னும் சொற்களும் இத்தகையவையே. ஊர் எது என்றால் 'புதூர்' என்பான். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! பக்கத்துச் சந்தை எது, பேருந்து எங்கே நிற்கும், எந்தச் சாமிக்குத் திருவிழா என்று கேட்கச் சொல்லித் துப்புக் கொடுக்க நம்மவர் ஒருவரால்தான் இயலும். 'அட்வான்ஸ் வாங்கியாச்சு' என்பதைச் 'சம்பளம் வாங்கினேன்' என்று பெயர்த்தாலோ, முன்பணக் கடனையே செல்லாததாக்கும் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அங்கு எட்டிப் பார்க்காமலே போய்விடும்.

இதற்குப் பட்டம் வேண்டுமோ என்று தாய்மார்கள் தயங்க வேண்டா. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்துக்கு 2020இல் வகுத்த விதிகள், ஒவ்வொரு மாவட்டத்திலும் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. குழந்தையின் மொழியும் மாநில ஆட்சிமொழியும் பழக்கத்தில் தெரிந்திருந்தால் போதும்; தாய்மொழியாக அறிந்திருப்பதே தகுதி. தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்று நாம் கவலைப்படுகிறோமே, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் கல்லூரிப் பெண்கள், அவர்களில் 18 வயது நிரம்பியவர்கள் இப்பணிக்கு முன்வரலாம். இதற்கு ஊதியமும் உண்டு. ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா என்ற குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம் என்று விதி சொல்வதால், பெண்களின் பெயர்கள் மிகுதியாக வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மொழிபெயர்ப்பவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 'ஐயோ பாவம், இப்படிச் சொல்லு கண்ணா' என்று சொல்லிக் கொடுப்பது அன்பினால் செய்தாலும் வழக்கைக் கெடுத்துவிடும். இரக்க மனம் படைத்தவர்களுக்கு இதுவே கடினமான பயிற்சி என்பது எங்கள் கருத்து. மேலும், குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வாய்க்கும். ஆகவே அடுத்த ஆண்டு மலரில் நம் தொண்டுக்குச் சான்றாகப் புகைப்படம் எதுவும் இராது. புகைப்படத்துக்காகத் தொண்டு செய்வோர் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிப் பலர் கேட்டார்கள். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் சங்கம் பதிவு பெறலாம். பெரிய கம்பெனிகள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுவதும் சட்டம்தான். ஆனால் நாம் சொன்ன வேலைக்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை. பணம் தேவைப்படுவது ஊர் திரும்பிய குழந்தைக்கு. மீண்டும் முறுக்குக் கூடத்துக்கு அனுப்பாதிருக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்குக் குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. இதைப் பெற்றோருக்குத் தமிழில் தொலைபேசியில் விளக்குவதும் நம்மால் ஆகக்கூடியதே.

மற்றொன்று; சிலருக்குக் கசக்கலாம். 14 வயது நிரம்பாத பிள்ளையை எவ்வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். வீட்டுவேலைக்கோ அத்தடை 2006லேயே வந்துவிட்டது. நம் காலனி அடுக்களைகளில் பாத்திரம் துலக்கும் பிள்ளைகளுக்கு வயது என்ன? அவர்கள் தமிழ் பேசாத பிள்ளைகள் என்பதனால் அவர்களுடைய தாய்மார்களின் ஏக்கம் குறைந்துவிடுமா? நலக் குழுவுக்குச் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுதுமுன் இதை நமக்குள்ளே தீர்த்துக்கொள்வோம்.

தனித்துத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தருவது யாவர்க்கும் கடமை. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும். 1996இல் மும்பையில் தொடங்கிய இந்தத் தொலைபேசி உதவியை, 2023 முதல் அரசாங்கமே ஏற்று நடத்துகிறது.

செயலாளரின் மேசைமீது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், முகவரி, தெரிந்த மொழிகள், எந்த நாட்களில் ஓய்வு என்பவற்றை அதில் எழுதுங்கள். எந்த மாவட்டத்துப் பேச்சு நன்கு பழக்கம் என்பதையும் குறிப்பிடுங்கள். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கும் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கும் வேறு வேறு காது வேண்டியிருக்கும். பத்துப் பெயர் சேர்ந்ததும் பாதுகாப்பு அலகுக்கும் நலக் குழுவுக்கும் பட்டியலை நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வருவோம்.