பித்தும் பிணியும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நான் கேட்பவனாகவே இருந்து வந்திருக்கிறேன். கவிதை எழுதத் தெரியாத மனநல மருத்துவன் ஒருவனை மேடையேற்ற வேண்டும் என்று செயலாளர் எண்ணியதற்குக் காரணம் உண்டு. அதை உரையின் இறுதியில் சொல்கிறேன்.

தமிழில் 'பித்து' என்பது இழிசொல் அன்று. இறைவனையே பித்தன் என்று அழைத்து மகிழ்ந்த மரபு நம்முடையது. காதலுக்கும் பக்திக்கும் கவிதைக்கும் அச்சொல்லைத் தாராளமாக வழங்கியிருக்கிறோம். ஆனால் அடுத்த வீட்டில் ஒருவர் உண்மையிலேயே நோயுற்றால் அதே சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பாட்டில் ஏற்றியும் வீட்டில் மறைத்தும் வைப்பதால், நோயை நோயாகக் காணும் பழக்கம் நமக்கு வரவில்லை.

நம் முன்னோர்க்கு அப்பழக்கம் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் மனப்பிணியைக் 'கிறுக்கு', 'கிரிகை' என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரித்துக் குறிகுணங்களை வரிசைப்படுத்தியது. பேச்சு எப்படி, உறக்கம் எப்படி, பார்வை எப்படி என்று கண்டு எழுதினார்கள். இன்றைய மருத்துவத்தோடு அது பெயருக்குப் பெயர் பொருந்தாது. ஆனால் பார்த்துப் பகுத்தறிவது என்ற முயற்சி இரண்டுக்கும் ஒன்றே.

நோயைப் பகுத்தறிவது எப்படி? நம் ஊர் வழியிலேயே சொல்கிறேன். சம்பா வயலில் பயிர் மஞ்சளிக்கிறது. ஓர் இலையைப் பார்த்தவுடன் மருந்து வாங்க ஓடுபவர் நல்ல விவசாயி அல்லர். தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறதா, பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த துங்ரோ நோயா என்று பார்ப்பார். இளம் இலையா முதிர்ந்த இலையா, வயல் முழுதுமா திட்டுத் திட்டாகவா, எத்தனை நாளாக என்று கேட்பார். மனநோயிலும் கேள்விகள் இவையே. எந்தெந்தக் குறிகள் சேர்ந்து வருகின்றன? எத்தனை நாளாக? அதனால் அன்றாட வாழ்வு எவ்வளவு தடைப்பட்டிருக்கிறது? ஓர் அழுகையும் ஓர் இரவின் உறக்கமின்மையும் நோயல்ல, அவை வாழ்க்கை.

முதலில் மனச்சோர்வு. துயரம் வேறு, மனச்சோர்வு வேறு. குறைந்தது 2 வாரங்கள், நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ எல்லா நாளும் மனம் தாழ்ந்திருத்தல் அல்லது முன்பு இனித்தவற்றில் நாட்டம் அற்றுப்போதல்; அதனோடு உறக்கம், பசி, உடல்வலு, கவனம் ஆகியவை கெடுதல்; தான் பயனற்றவன், குற்றவாளி என்ற எண்ணம்; சாவைப் பற்றிய நினைவு. இவற்றில் பல ஒன்றாகச் சேரும்போது நோய் என்கிறோம். ஆனால் நம் பகுதியில் எவரும் வந்து 'மனம் சோர்ந்துவிட்டது' என்று சொல்வதில்லை. 'நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, சோறு இறங்கவில்லை' என்கிறார்கள். உடம்பைத்தான் மொழியாக்குகிறார்கள். அந்த மொழியறியாத மருத்துவர் ஊட்டச்சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே வேடத்தில் வரக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான முனையும் உண்டு. ஒரு வாரமோ அதற்கு மேலோ உறக்கமே தேவைப்படாத உற்சாகம், நில்லாத பேச்சு, தன்னைப் பெரியவனாகக் காணுதல், கைப்பொருளை வாரி இறைத்தல். இந்த எழுச்சியும் முன் சொன்ன சோர்வும் ஒருவரிடமே மாறி மாறி வந்தால் அது இருமுனை மனநிலைக் கோளாறு. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு இந்த எழுச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்தார். எழுச்சியை அருள் என்றும் சோர்வைச் சோம்பல் என்றும் வீட்டார் கொள்வதால் பல ஆண்டுகள் வீணாகின்றன.

பதற்ற நோய்கள் இன்னும் பரவலானவை. காரணம் எதுவும் முன்நிற்காமலே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'இதோ சாகப் போகிறேன்' என்ற பீதி சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்குவது ஒரு வகை. வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணமும், அதைத் தணிக்கக் கை கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல் போன்ற செயல்களும் மற்றொரு வகை. அதை ஆசாரம் என்று மெச்சிய குடும்பங்களை நான் அறிவேன்.

இனி மனச்சிதைவு. நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரை வாழ்நாளில் என்றேனும் தொடக்கூடிய நோய். பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. பிறர்க்குக் கேளாத குரல் கேட்டல், சான்று காட்டியும் அசையாத ஐயம், தன் எண்ணத்தைப் பிறர் இயக்குவதான உணர்வு, தொடர்பற்ற பேச்சு, தன்னைப் பேணாமல் ஒடுங்கிப் போதல் ஆகியவை அதன் குறிகள். இவை ஒரு மாதமாவது நீடிக்கின்றனவா என்று பார்ப்போம். ஆயினும் குரல் கேட்பதெல்லாம் மனச்சிதைவு அன்று. கடும் மனச்சோர்விலும், குடியை நிறுத்திய ஓரிரு நாட்களிலும், காய்ச்சல் மயக்கத்திலும், மகப்பேற்றுக்குப் பிந்திய முதல் வாரங்களிலும் குரல் கேட்கலாம். பிள்ளை பெற்றவள் உறங்காமல் பிதற்றினால் அது பேய் அன்று. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அவசரம்.

குரல் கேட்டலின் வேதனையை அறிய மருத்துவ நூலைத் தேட வேண்டியதில்லை. கும்பகோணத்தில் பிறந்து வாழ்ந்த எம்.வி. வெங்கட்ராம் (1920–2000) 'காதுகள்' என்ற நாவலை நமக்குத் தந்திருக்கிறார். 1993ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது அது. அதன் நாயகன் மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் ஏசுகின்றன, எள்ளுகின்றன. அவனோ முருக பக்தியைப் பற்றிக்கொண்டு, வறுமைக்கு நடுவே குடும்பத்தையும் சுமந்துகொண்டு நிற்கிறான். தம் சொந்த அனுபவத்திலிருந்தே அதை எழுதியதாக ஆசிரியர் கூறியிருக்கிறார். அவருக்கு நோய்ப்பெயர் சூட்ட நான் முன்வரவில்லை. நேரில் காணாதவருக்கு நோய் கணிப்பது மருத்துவ அறமும் ஆகாது. ஆனால் என் மாணவர்களுக்கு அந்நாவலைப் படிக்கச் சொல்வேன். குரல் கேட்கும் மனிதன் தன் அறிவை முழுதும் இழந்தவன் அல்லன், அக்குரல்களோடு போராடுபவன் என்பதை அதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரியாது.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவிரியின் வடகரையில் குணசீலத்தில் பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், மனநோயாளிகளைத் தங்க வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே கிடைக்கும் ஒழுங்கும் ஆறுதலும் பொய் என்று சொல்லமாட்டேன். வழிபாட்டோடு மாத்திரையும் நடக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ஆனால் சங்கிலிக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகையில் தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையேறியது. நம் வட்டத்துக் கவிஞர் ஒருவரின் தென்னந்தோப்பு ஓரிரவில் படுத்துவிட்டது. அதன் பின் அவர் கவிதைகள் மாறின. சொற்கள் சுருங்கின, இருள் கூடியது. மாதக்கூட்டத்தில் அவர் வாசித்தபோது நாம் 'புதிய அழகியல்' என்று போற்றினோம். அவர் இளைத்திருந்தார், நள்ளிரவுக்குப் பின் உறக்கமில்லை என்றார், கவிஞர்க்கு இயல்புதானே என்று சிரித்தோம். பிறகு தம் நூல்களை ஒவ்வொருவர்க்கும் கொடுக்கத் தொடங்கினார். நாம் மகிழ்ந்து வாங்கிக்கொண்டோம். நானும் இரண்டு நூல்கள் வாங்கினேன். மனநல மருத்துவனாகிய நானும் கைதட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கண்டுகொண்டவர் அவர் துணைவியார். கவிதை படிக்காதவர். 'காலையில் வாய்க்கால் பக்கம் போகாமல் ஒருநாளும் இருந்ததில்லை. இருபது நாளாகப் போகவில்லை' என்பதே அவர் கண்ட குறி. ஓரிரவு அவர் கணவரிடம் நேராகவே கேட்டார்: 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா உங்களுக்கு?' நண்பர் அழுதார். மறுநாள் காலை இருவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். அப்படிக் கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். அது தவறு, கேள்வி அவ்வெண்ணத்தை வளர்ப்பதில்லை, வெளியேற வழி தருகிறது. அவர் செய்த இன்னொன்றும் முக்கியம். வீட்டிலிருந்த பூச்சிமருந்தையெல்லாம் அன்றே அப்புறப்படுத்தினார்.

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்று சொன்னேன். பொறுத்தார்கள். ஆறாம் வாரம் நண்பர் வாய்க்கால் கரைக்குப் போனதாகத் துணைவியார் தொலைபேசியில் சொன்னார். மருந்தால் கவிதை போய்விடுமோ என்று அவர் அஞ்சியதுண்டு. இம்மலரில் அவர் கவிதையும் இருக்கிறது. எது என்று சொல்லமாட்டேன். பெயர் சொல்லாமல் இதைப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டவரும் அவரே.

அன்பர்களே, நீங்கள் சொல்லின் நிறம் மாறுவதைக் கூர்ந்து காண்பவர்கள். அதே கூர்மையோடு சொன்னவரின் முகத்தையும் பாருங்கள். கவிதை நன்று என்று சொன்ன பின், 'உறக்கம் எப்படி?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். இரவானால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என்னிடம் வந்த அந்த இரண்டு நூல்களை நானே கொண்டுபோய் நண்பரின் அலமாரியில் திரும்ப வைத்தேன். மற்றவர்களும் அவ்வாறே செய்தார்கள். அலமாரியில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்கிறார் அவர். யாரிடம் இருக்கிறதோ, அவர் இன்று மாலையே கொடுத்துவிடலாம்.