வண்டியின் நேர்மை

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிக்கும் அன்பர்கள் பெரும்பாலும் வண்ணத்திலும் மெருகிலுமே கருத்தைச் செலுத்துகின்றனர். ஆனால் வண்டி நேரே ஓடுமா, பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்குமா என்பதைத் தீர்மானிப்பது அடியில் மறைந்திருக்கும் ஓர் இரும்புச் சட்டமாகும்.

இங்கிலாந்து நாட்டு மினி வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956-ஆம் ஆண்டு சூயஸ் நெருக்கடியால் அங்குப் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதையொட்டி அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியல் அறிஞர் வகுத்த இச்சிறு வண்டி 1959 ஆகஸ்டில் வெளிவந்து, 2000 வரை உற்பத்தியாயிற்று. இதற்கெனத் தனி அடிச்சட்டம் இல்லை. தகடுகளைப் பற்றவைத்து அமைத்த உடலே எலும்புக்கூடு. எஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சப்ஃபிரேம் அவ்வுடலில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. அதைத் துணைச்சட்டம் என்று தமிழில் வழங்கலாம்.

இவ்வண்டியின் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை ஸ்டியரிங் தண்டுகளைக் கொண்டு திருத்தலாம். மேலும் கீழுமாக அவை சாயும் கோணத்தைத் திருத்தவோ, தொழிற்சாலை வழி எதுவும் வைக்கவில்லை. எனவே துணைச்சட்டம் கோணினால் சக்கரமும் கோணும். பிற்பாடு எந்தப் பட்டறையாலும் அதை எளிதில் சீராக்க இயலாது.

சோதிக்கும் முறை எளியது. கொத்தனார் கடைக்கால் எடுக்கும்போது மூலைக்கு மூலை நூல் பிடித்து அளப்பதை நாம் அறிவோம். அதே முறைதான் இங்கும். முதலில் துணைச்சட்டத்தைக் கழற்றிச் சமதளத்தில் வைத்து, அது தன்னளவில் வளைந்திருக்கிறதா என அளந்து பார்க்க வேண்டும். 1976-க்குப் பிற்பட்ட வண்டிகளில் சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் தாங்கிகள் உண்டு. நைந்தவற்றை மாற்றிய பின்னரே அளத்தல் முறை.

பின்பு சட்டத்தைப் பொருத்தி, வண்டியை மட்டமாக நிறுத்த வேண்டும். முன்புறத்தில் சக்கரக் கைகள் இணையும் இடங்கள் இரண்டு, பின்புறத்தில் துருவேறாத ஒத்த துளைகள் இரண்டு ஆகிய நான்கிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். இடப்பக்க நீளம் வலப்பக்க நீளத்துக்குச் சமமா, மூலைவிட்டங்கள் இரண்டும் தம்முள் சமமா என்று பார்க்க வேண்டும். நூலின் ஆட்டத்தால் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடலாம். அதற்கு மேற்பட்டால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்: பழைய மோதலோ, துருவோ, முன்பு யாரோ கோணலாகப் பற்றவைத்த தகடோ இருக்கக்கூடும்.

துளை பொருந்தவில்லை என்று அரத்தால் அகலப்படுத்துவதும், போல்ட்டை முறுக்கி வலிந்து இழுப்பதும் குற்றத்தை மறைக்குமேயன்றி நீக்கா. புதிய தரைத்தகடும் பக்கத்தகடும் பற்றவைக்கும் முன்பே துணைச்சட்டத்தைப் பொருத்தி அளந்துகொள்வதுதான் அறிவுடைமை. பற்றவைப்பின் வெம்மை தகட்டை இழுக்குமாதலால், வேலையின் இடையிலும் முடிவிலும் மீண்டும் அளக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவன நூலும் குண்டும் அளவுநாடாவும் ஒரு பிற்பகற்பொழுதுமே. வண்ணம் மங்கினால் மறுபடி பூசிக்கொள்ளலாம். மழை பெய்த சாலையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்காகப் பிரேக்கை மிதிக்கும் வேளையில், வண்டி நேராக நிற்பதுதான் முக்கியம்.