பிள்ளை மடுவமும் சம்பளப் பேச்சுதான்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சம்பளம், நோர்ம், ஊழியர் சேமலாப நிதி பற்றிப் பேசினோம். பகலுக்குப் பிறகு "சிறுவர் நலன்" என்று ஒரு தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பு வந்ததும், "இது பொம்பளைங்க விஷயம்" என்று சொல்லிவிட்டு ஆண் தலைவர்கள் தேத்தண்ணி குடிக்க எழும்புவது வழக்கம். இன்றைக்கு யாரும் எழும்ப வேண்டாம். காலையில் பேசிய அதே விஷயத்தைத்தான் நானும் பேசப் போகிறேன். நோர்ம் எத்தனை கிலோ, பெரட்டு எத்தனை மணிக்கு, பின்னேர நிறுப்பு எத்தனை மணிக்கு என்பவைதான் நம் பிள்ளைகளின் உடம்பையும் படிப்பையும் தீர்மானிக்கின்றன.

முதலில் சில கணக்குகள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். மூன்று பிள்ளைகளை நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு பிள்ளை. அதே திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டத்தின் வறுமை வீதம் 33.8. இரண்டு கணக்கிலும் நாட்டை விடத் தோட்டத்தின் வீதம் மிகக் கூடுதலாக இருப்பதைப் பாருங்கள்.

"நம்ம பரம்பரையே கட்டை, அதனால பிள்ளைகளும் கட்டை" என்று நம்மவர்களே சொல்வார்கள். அது சரியல்ல. நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்தால் எந்த இனத்துப் பிள்ளையும் சிறு வயதில் ஒரே மாதிரித்தான் வளரும் என்று மருத்துவம் சொல்கிறது. வளர்ச்சி குன்றுவது தாய் வயிற்றில் தொடங்கி, இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது வரை ஏறக்குறைய 1,000 நாட்கள். அந்த நாட்களில் உயரம் மட்டுமல்ல, மூளையும் வளர்கிறது. அப்போது விட்டதைப் பிறகு பாடசாலைச் சாப்பாடு கொடுத்தோ, ரியூஷன் கொடுத்தோ முழுதாகப் பிடிக்க முடியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் பின்தங்கும் பிள்ளைகள் பலருடைய கதை மடுவத்துத் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

சரி, அந்த 1,000 நாட்களில் நம் வீட்டில் என்ன நடக்கிறது? கொழுந்து எடுக்கும் தாய் விடியக்காலை நாலு, நாலரைக்கு எழும்புகிறாள். தண்ணீர் பிடித்து, விறகு அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, கைப்பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். பின்னேர நிறுப்பு முடிந்து வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகிறது. பிறகு மறுபடியும் அடுப்பு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் இதுதான் நிலை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் அவள்தான். தாய்க்குச் சத்துக் குறைந்தால் பிள்ளை நிறை குறைவாகப் பிறக்கிறது. நிறை குறைந்து பிறந்த பிள்ளை அடிக்கடி சளி, காய்ச்சல், வயிற்றோட்டம் என்று விழுகிறது. 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகையும் சேர்ந்துகொள்கிறது.

தாய்ப்பால் விஷயத்துக்கு வருவோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவமாது சொல்கிறார். மகப்பேற்று விடுமுறையோ 84 நாள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு அதிலும் பாதிதான் கிடைத்தது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இது நல்ல மாற்றம். ஆனாலும் 84 நாள் முடிந்ததும் தாய் மலைக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடைவெளிக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். மடுவம் இருக்கும் இடத்தில் அரை மணி வீதம். மடுவம் இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இது எழுதியிருக்கிறது.

ஆனால் மலையில் என்ன நடக்கிறது? தாய் நிற்கும் மலை ஒரு பக்கம், மடுவம் இன்னொரு பக்கம். இறங்கி ஏறவே அரை மணி போய்விடும். அதைவிடப் பெரிய தடை நோர்ம். ஒரு தோட்டத்தில் நோர்ம் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலைக்கு 18 கிலோ. ஒரு மணி நேரம் பால் கொடுக்கப் போனால் மிச்சம் ஏழு மணி. ஏழு மணிக்குரிய கணக்கு 15¾ கிலோ. ஆனால் நிறுப்பில் அவளிடமும் 18 கிலோதான் கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர். சட்டம் கொடுத்த நேரத்தை நோர்ம் பறித்துக்கொள்கிறது. அதனால் தாய் பால் கொடுக்கப் போவதில்லை. நெஞ்சு கட்டி, பால் வற்றி, நாலாம் மாதமே போத்தலும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் பிள்ளை வாய்க்குப் போகின்றன. பிறகு யாரோ வந்து "தோட்டத்துத் தாய்மாருக்கு விழிப்புணர்வு இல்லை" என்று வகுப்பு எடுக்கிறார்கள். விழிப்புணர்வு இருக்கிறது. நேரம்தான் இல்லை.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். வறுமை என்றால் காசு இல்லாதது மட்டுமல்ல, பிள்ளைக்குக் கொடுக்க நேரம் இல்லாததும் வறுமைதான். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் வந்தது. இரண்டும் போராடிப் பெற்றவை. இடையில் 2022இல் நாம் அன்றாடம் சாப்பிடும் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியதையும் பார்த்தோம். ஆகவே ரூபாவுக்கான போராட்டத்தை விட முடியாது. ஆனால் ரூபாவைக் கூட்டி, அதற்குப் பதிலாக கிலோவையும் கூட்டினால், அந்தக் கூடுதல் கிலோவைப் பிள்ளையின் நேரத்திலிருந்துதான் தாய் எடுத்துக் கொடுக்கிறாள்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். ஆண் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கவ்வாத்து, புல்வெட்டு போன்ற ஆண்களின் வேலை பெரும்பாலான தோட்டங்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் பின்னேரம் நாலரை வரை மலையில் நிற்கிறார்கள். அந்த மூன்று மணி நேரம் தகப்பனிடம் இருக்கிறது. மடுவத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்து, ஒரு முட்டையோ பருப்புச் சோறோ ஊட்ட, பெரிய பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்க்க அது போதும். இதைச் செய்யும் தகப்பன்மார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். அந்த நேரமும் பத்தாம் திகதிச் சம்பளத்தில் ஒரு பங்கும் சாராயக் கடைக்குப் போகும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் சாப்பாடும் குறைகிறது, பயமும் கூடுகிறது. இரவெல்லாம் சண்டை கேட்ட பிள்ளை காலையில் வகுப்பில் தூங்குகிறது. ஆசிரியர் அதைச் சோம்பேறி என்கிறார்.

தாய் வெளிநாடு போன வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது தாயைப் பிரியக்கூடிய பிள்ளையின் வயதும் குறைந்துவிட்டது. போகிற தாயைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கடனும் கூரையும்தான் அவளை அனுப்புகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் கடமை கமிட்டிக்கு உண்டு. வயதான பாட்டி ஒருத்தி நாலு பேரப்பிள்ளைகளோடு தனியாக நிற்கிறாள். இல்லையென்றால் 13 வயது அக்கா பாடசாலையை விட்டுவிட்டுத் தம்பிக்குத் தாயாகிறாள்.

பாடசாலையை விட்ட பிள்ளையைத் தேடித் தரகர் வருவார். "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு, உடுப்பு, மாசம் காசு" என்பார். அப்படிப் போன நம் பிள்ளைகளில் சிலர் பிணமாகத் திரும்பியதை நாம் பார்த்திருக்கிறோம். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இலும், 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2021இலும் சட்டம் வந்துவிட்டது. லயத்துக்குள் தரகர் வரும் செய்தி முதலில் தெரிவது தலைவருக்கும் தலைவிக்கும்தான். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம்.

காசு செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடியவையும் சில இருக்கின்றன. சாப்பாட்டோடு பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுக்க வேண்டாம். தேயிலையில் உள்ள பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கு, அதே தேயிலையால் இரத்தம் குறையக் கூடாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா கர்ப்பிணிக்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வீடு முழுவதும் பங்கு போட்டால் யாருக்கும் பயன் இல்லை. பூச்சி மாத்திரையைத் தவறவிட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "தாய்மாருக்குப் பழக்கம் சரியில்லை" என்று சொல்லி நிர்வாகம் தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்ள இவற்றை நாம் விடக் கூடாது. வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு, கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஒரு புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று சில தோட்டங்களில் இரண்டு மூன்று டிவிஷனுக்கு ஒரு மடுவம் என்று சுருக்குகிறார்கள். இன்னும் சில இடங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்குக் காசு என்கிறார்கள். கிலோவுக்குக் காசு என்றால் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கையும் கொழுந்துக்குப் போகும். சனி, ஞாயிறில் தொடங்கும். பிறகு பாடசாலை நாளிலும் பிள்ளை கூடையோடு நிற்கும். நம் பாட்டன் காலத்துப் பிள்ளைத் தொழில் புதிய பெயரில் திரும்பி வருவதற்கு இது வழி திறந்துவிடும்.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து இந்த நான்கையும் மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்குப் பாலூட்டும் நேரத்துக்கேற்ப நோர்மைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் மடுவத்துக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஆள் குறைந்தாலும் எந்த டிவிஷனிலும் மடுவத்தை மூடக் கூடாது. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சுத்தமான தண்ணீர், மலசலகூடம், பகல் சாப்பாடு இருக்க வேண்டும். பின்னேர நிறுப்பு முடிந்து தாய் வரும் வரை மடுவம் திறந்திருக்க வேண்டும். வெளியில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையையும் சேர்க்க வேண்டும்.

மூன்று: கிளினிக் நாளில் தாய்க்கு அரைப்பேர் விழக் கூடாது.

நான்கு: செடி பிரித்துக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் 16 வயதுக்குக் குறைந்தவர் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் கவனிக்கும் உரிமை சங்கத்துக்கு வேண்டும்.

பேச்சுவார்த்தை வரும் வரை கமிட்டிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் சேர்ந்து தங்கள் மடுவத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு கீழே இறங்கிய பிள்ளைகள் எத்தனை, பாலூட்டும் இடைவேளை எத்தனை தாய்மாருக்குக் கிடைக்கிறது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். கொழுந்து நிறுப்பில் தராசு சரியா என்று பார்க்க நாம் பழகியிருக்கிறோம். மடுவத்துத் தராசில் பிள்ளையின் நிறையையும் அப்படியே பார்க்கப் பழகுவோம். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் "அப்படியொன்றும் இல்லையே" என்று சொல்ல முடியாது.